தானே எழுதிக்கொள்ளும் பட்டியல்: விக்கிப் பக்கப் பொருளடக்கத்தின் வரலாறு

பொருளடக்கம் என்பது ஒரு நூலின் பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர்களையும், அப்பகுதிகள் நூலுக்குள் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் குறிகளையும் ஒருசேர நிரல்படுத்தித் தரும் பட்டியல். இவ்விரு கூறுகளுள் பெயர் எழுதுவோர் கையில் இருப்பது. இடக்குறியோ நூல் எதன்மேல் எழுதப்படுகிறது, எவ்வாறு படியெடுக்கப்படுகிறது என்பதைச் சார்ந்து காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. சுருளேட்டில் சுருளின் எண்ணாகவும், கையெழுத்துப் படிகளில் இயலின் எண்ணாகவும், அச்சு நூலில் பக்க எண்ணாகவும் விளங்கிய இடக்குறி, பலர் கூடித் திருத்தும் விக்கிப் பக்கத்தில் தலைப்பின் எழுத்துகளாகவே ஆயிற்று. இம்மாற்றத்தோடு பட்டியலை எழுதும் பொறுப்பும் ஆசிரியரிடமிருந்து படியெடுப்போருக்கும், அவர்களிடமிருந்து அச்சகத்தாருக்கும், இறுதியில் கணினி நிரலுக்கும் கைமாறியது.

பழைய பொருளடக்கங்களுள் பெரிதும் பேசப்படுவது, உரோமை அறிஞர் மூத்த பிளினி பொ.ஆ. 77 அளவில் பேரரசரின் மகனாகிய டைட்டசுக்குக் காணிக்கையாக்கிய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலில் உள்ளது. 37 புத்தகங்களாக வகுக்கப்பட்ட அந்நூலின் முதல் புத்தகம் முழுவதுமே பின்வரும் 36 புத்தகங்களின் பொருட்பட்டியல். எந்தப் புத்தகத்தில் என்னென்ன பேசப்படுகின்றன என்பதோடு, அச்செய்திகள் எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து பெறப்பட்டன என்பதையும் அது புத்தகந்தோறும் சொல்லிச் செல்கிறது. ஆட்சிப் பணியில் மூழ்கியிருப்பவர் நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, வேண்டிய பகுதியை மட்டும் தேடிக்கொள்ளலாம் என்பதே தம் நோக்கம் என்று பிளினி முன்னுரையில் குறிப்பிடுவதுடன், இலத்தீனில் தமக்கு முன்னரே வலேரியஸ் சோரானஸ் இம்முறையைக் கையாண்டார் என்றும் சொல்கிறார். ஆயினும் பாப்பிரஸ் சுருளில் இப்பட்டியலின் பயன் ஓர் எல்லைக்கு உட்பட்டதே: எந்தச் சுருளை எடுப்பது என்பதை அது காட்டும், எடுத்த சுருளுக்குள் எங்கே நிறுத்துவது என்பதைக் காட்டாது.

இந்திய மரபில் பட்டியல் நூலின் புறத்தே நில்லாமல் நூலின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உள்ள பருவ சங்கிரகம் என்னும் பகுதி, பதினெட்டுப் பருவங்களின் பெயர்களோடு அவற்றின் அத்தியாயத் தொகையையும் சுலோகத் தொகையையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதைச் சுருக்கத்தைக் கூறியபின், மங்கல வாழ்த்துப் பாடலில் தொடங்கி வரந்தரு காதை ஈறாக முப்பது உறுப்புகளையும் பெயர் சொல்லி அடுக்கி, அவை ஆறைந்து என்று தொகையும் கூறி முடிக்கிறது; மணிமேகலையின் பதிகமும் இவ்வாறே தன் முப்பது காதைகளை நிரல்படுத்துகிறது. இப்பதிகங்கள் காப்பிய ஆசிரியர்களே இயற்றியவையா, பின்னவர் சேர்த்தவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், அவை செய்த பணியில் ஐயமில்லை. சுவடிக்குச் சுவடி ஏட்டின் அளவும் வரிகளின் எண்ணிக்கையும் மாறுபட்ட சூழலில் ஏட்டெண்ணைக் கொண்டு இடம் சுட்டுவது பொருளற்றது. ஆகவே காதைகளின் முறைவைப்பே இடக்குறியாயிற்று. செய்யுளில் அமைந்த பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் ஓசையும் தொகையும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், தேடுவதற்கு உதவியதைவிடச் சிதையாமல் காப்பதற்கே இப்பட்டியல் கூடுதலாக உதவியிருக்கும்.

ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது, நூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓதுவதைவிட வேண்டிய இடத்தைத் தேடி எடுக்கும் படிப்புமுறை வலுப்பெற்றது. பாரிசில் கற்பித்த பீட்டர் லம்பார்டு, தம் இறையியல் தொகுப்பு நூலின் முகவுரையில், தேடுவது எளிதில் அகப்படும்பொருட்டு இயல்களின் தலைப்புகளை முன்னரே வைத்திருப்பதாக வெளிப்படையாகச் சொல்கிறார். விவிலியத்திற்கு இன்று வழங்கும் அதிகாரப் பகுப்பு, பின்னர்க் கேண்டர்பரியின் பேராயரான ஸ்டீபன் லாங்டன் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது என்பது மரபான கருத்து. கையெழுத்துப் படிகளில் இவ்வாறு இயலின் எண்ணே இடக்குறியாக இருக்க, ஒரே நூலின் எல்லாப் படிகளிலும் ஒரே செய்தி ஒரே தாளில் அமைவதை உறுதிசெய்தது அச்சுக்கலையே ஆகும். கொலோன் நகரில் 1470-இல் அர்னால்டு தெர் ஹூர்னன் அச்சிட்ட ஒரு சிறு சமயவுரை நூல், தாள்களுக்கு எண்ணிட்டு அச்சான முதல் நூல்களுள் ஒன்று.

பக்க எண் வந்தபின் பொருளடக்கம் துல்லியம் பெற்றது. கூடவே ஒரு புதிய தொல்லையும் பிறந்தது. நூலின் உடற்பகுதி முழுவதும் அச்சுக்கோத்து முடிந்தாலன்றி எந்த இயல் எந்தப் பக்கத்தில் விழும் என்று தெரியாது. எனவே முன்னால் இருக்க வேண்டிய பட்டியல் கடைசியில்தான் ஆயத்தமாகும். முன்பகுதிப் பக்கங்களுக்கு உரோம எண்களால் தனி எண்வரிசை இடும் வழக்கம் இத்தொல்லைக்குக் கண்ட தீர்வு. பிரெஞ்சு நூல்களில் பொருளடக்கம் இன்றும் பெரும்பாலும் நூலின் இறுதியில் இடம்பெறுவது அதே தொல்லைக்குக் கண்ட மற்றொரு தீர்வு. இரண்டாம் பதிப்பில் நான்கு பக்கங்கள் கூடினால் பட்டியல் முழுவதையும் கையால் திருத்த வேண்டியிருந்தது. திருத்த மறந்த பட்டியல்களோடு வெளிவந்த நூல்கள் எல்லா மொழிகளிலும் உண்டு.

இப்பணியைக் கணினியிடம் ஒப்படைப்பதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. தடித்த எழுத்தில் தனி வரியாக நிற்கும் தொடர் ஒரு தலைப்பு என்பதைக் கண்ணால் காணும் மனிதர் ஊகித்துக்கொள்வார். இயந்திரத்துக்கு அதைச் சொல்லியாக வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்பார்பும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1969-இல் வகுத்த பொதுமைக் குறிமொழி, ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்பதை விடுத்து, அது என்ன வகைப் பகுதி என்பதைக் குறித்தது. தலைப்பு ‘தலைப்பு’ என்று அடையாளம் பெற்றதும், அடையாளம் பெற்றவற்றையெல்லாம் திரட்டிப் பட்டியலிடுவது எளிய வேலையாயிற்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீடு தம் முனைவர் பட்ட ஆய்வாக 1980-இல் அளித்த ‘ஸ்கிரைப்’ நிரலும், 1980-களின் நடுவில் லெஸ்லி லாம்போர்ட் வெளியிட்ட ‘லேடெக்’ முறையும் ஆய்வுலகில் இதனைப் பரப்பின. லேடெக்கில் ஆவணத்தை ஒருமுறை ஓட்டினால் தலைப்புகளும் அவற்றின் பக்க எண்களும் ஒரு துணைக்கோப்பில் எழுதப்படும். மறுமுறை ஓட்டும்போதுதான் அக்கோப்பு பொருளடக்கமாக அச்சேறும். அவ்வாறு அச்சேறிய பட்டியலே ஓரிரு பக்கங்களை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கங்களைத் தள்ளிவிட்டால் மூன்றாம் முறையும் ஓட்ட வேண்டியிருக்கும். அச்சுக்கோப்பவரின் பழைய தொல்லை இயந்திரத்துக்குள்ளும் தொடர்ந்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு முன்பே வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் செய்துகாட்டிய கணினி முறைமையில், ஆவணத்தின் ஒவ்வொரு கூற்றும் படிநிலை எண் பெற்று மரக்கிளைபோல் அமைந்திருந்தது. மேல்நிலைக் கூற்றுகளை மட்டும் காட்டு என்று கட்டளையிட்டால் கீழ்நிலைகள் மறைந்து ஆவணமே தன் பொருளடக்கமாகச் சுருங்கி நின்றது. தனிப் பட்டியல் என ஒன்றே இல்லாத இம்முறை, கருத்தளவில் மற்ற எல்லாவற்றையும்விட நேர்த்தியானது. ஆனால் பரவலான வழக்குக்கு வர அதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று தொடங்கிய முதல் விக்கியில் பொருளடக்கத்துக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. நிரலாக்கத்தில் மீண்டும் மீண்டும் பயன்படும் தீர்வுகளைப் பற்றி வல்லுநர்கள் எழுதிக் குவிப்பதற்காக அமைந்த அத்தளத்தில், பக்கங்கள் சிறியனவாக இருந்தன. சொற்களை இடைவெளியின்றி இணைத்து எழுதினால் அது மற்றொரு பக்கத்துக்கு இணைப்பாகும் என்பதே அடிப்படை விதி. தலைப்பு நிலைகளுக்கென்று தனிக் குறியீடு வகுக்கப்படவில்லை. ஒரு பக்கம் நீண்டால் அதைப் பிரித்து வேறு பக்கமாக்குவதுதான் அங்கே இயல்பான வழி. 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது நிலைமை மாறியது. கலைக்களஞ்சியக் கட்டுரை ஒரு பொருளை முழுமையாகச் சொல்ல வேண்டியதாகையால் அதை விருப்பம்போல் துண்டாட முடியாது. அது நீளும், நீண்டால் பகுதிகளாகப் பிரியும், பகுதிகளுக்குப் பெயர் வேண்டும். தொடக்கத்தில் கிளிஃபர்டு ஆடம்ஸ் எழுதிய ‘யூஸ்மாட்விக்கி’ நிரலில் இயங்கிய தளம், 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய நிரலுக்கும், அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் திருத்தி எழுதிய வடிவத்துக்கும் மாறியது. அவ்வடிவத்தின் வழிவந்ததே 2003 முதல் ‘மீடியாவிக்கி’ என்று அழைக்கப்படும் மென்பொருள்.

மீடியாவிக்கியில் தலைப்பு என்பது இருபுறமும் சமக்குறிகளால் அணைக்கப்பட்ட ஒரு வரி. ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்குரிய நிலை என்று ஒதுக்கப்பட்டிருப்பதால் கட்டுரைக்குள் தலைப்புகள் இரட்டைச் சமக்குறியில் தொடங்கும். துணைத்தலைப்புக்கு மூன்று, அதற்கும் கீழே நான்கு என்று குறிகள் கூடிக்கொண்டே போகும். வாசகருக்காகப் பக்கத்தை ஆயத்தம் செய்யும் நிரல், உரையை அலசும்போதே இவ்வரிகளை எதிர்கொண்ட முறையில் எண்ணி, படிநிலைக்கேற்ப 1, 1.1, 1.2 என்று எண்ணிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் அடையாளப் பெயர் ஒன்றைச் சூட்டி, அப்பெயருக்கு இணைப்புக் கொடுக்கும் பட்டியலை முதல் தலைப்புக்குச் சற்று முன்பாகச் செருகிவிடும். பட்டியல் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. திருத்துவோர் காணும் மூல உரையில் அதன் சுவடே இராது. தலைப்பு மாறினால் பட்டியலும் மாறும் என்பதால், பதிப்புக்குப் பதிப்பு பட்டியலைத் திருத்த மறக்கும் பிழைக்கு இங்கே இடமில்லை. ஒரே பக்கத்தை முன்பின் அறியாத பலர் ஒரே நாளில் திருத்தும் இடத்தில் பட்டியலைக் காக்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்க முடியாது என்பதை எண்ணினால், தானியங்கிப் பொருளடக்கத்தை விக்கிக்கு ஒரு வசதி என்பதைவிட அது நிலைபெறுவதற்கான நிபந்தனை என்பதே பொருந்தும்.

இதே வேலையை மற்ற விக்கி மென்பொருள்கள் வேறு வேறு மனப்பாங்கோடு அணுகின. 1998-இல் தோன்றிய ‘டிவிக்கி’யிலும் அதன்பின் வந்த ‘மோயின்மோயின்’ மென்பொருளிலும் பொருளடக்கம் வேண்டுவோர் அதற்குரிய கட்டளைச் சொல்லைத் தாமே பக்கத்தில் எழுத வேண்டும். 2004-இல் வெளிவந்த ‘டோக்குவிக்கி’, மூன்று தலைப்புகள் சேர்ந்தாலே கேளாமல் பட்டியலைக் காட்டுகிறது. அதில் சமக்குறிகளின் கணக்கும் தலைகீழ், மிகுதியான குறிகள் மேல்நிலையைக் குறிக்கும். படிப்போரைவிட எழுதுவோருக்கே முதன்மை என்பதைத் தன் கொள்கைகளில் முதலாவதாக அறிவித்துக்கொண்ட ‘பிஎம்விக்கி’ தொடக்கத்தில் மூலநிரலில் பொருளடக்கத்தைச் சேர்க்கவில்லை. வேண்டும் தளங்கள் தனியே கிடைக்கும் செருகுநிரலை நிறுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பொருளடக்கம் படிப்போருக்கானது என்பதால், அக்கொள்கையின்படி இம்முடிவு முரணற்றதுதான்.

மீடியாவிக்கி தேர்ந்த எல்லைக்கோடு நான்கு. நான்கு தலைப்புகள் உள்ள பக்கத்தில் பட்டியல் தானே தோன்றும். மூன்றோடு நின்றால் தோன்றாது. இவ்விதியை மீறுவதற்கு, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடிட்டு எழுதப்படும் மந்திரச் சொற்கள் மூன்று உள்ளன: ஒன்று பட்டியல் வேண்டாம் என்று தடுப்பது, ஒன்று தலைப்புகள் குறைந்தாலும் வேண்டும் என்று வற்புறுத்துவது, மற்றொன்று பட்டியல் அமைய வேண்டிய இடத்தைச் சுட்டுவது. நான்கு என்னும் எண்ணுக்குப் பின்னால் ஆழ்ந்த கோட்பாடு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை; ஆனால் அதன் விளைவுகள் சில வேளைகளில் விந்தையானவை. விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் இறுதியில் வழக்கமாக வரும் ‘இவற்றையும் பார்க்க’, ‘மேற்கோள்கள்’, ‘வெளி இணைப்புகள்’ ஆகிய மூன்றும் நிரலின் கணக்கில் தலைப்புகளே. எனவே பத்து வரிக் கட்டுரையில் ‘வரலாறு’ என்று ஒரே ஒரு தலைப்பைச் சேர்த்தாலும் எல்லை எட்டப்பட்டு, உள்ளடக்கம் ஏறத்தாழ ஏதுமற்ற பொருளடக்கம் ஒன்று கட்டுரைக்கு நடுவே வந்து நிற்கும். தலைப்பை அறியும் இயந்திரத்துக்குத் தலைப்பின் தகுதியை அறிய வழியில்லை.

பட்டியல் தலைப்பைப் பின்பற்றுகிறது என்பதால், தலைப்பும் பட்டியலை எண்ணி எழுதப்படத் தொடங்கியது. சிறு பெட்டிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் தலைப்பு சுருங்கியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு, கட்டுரைப் பெயரைத் தலைப்பில் திரும்பச் சொல்லாதிருக்கவும் தலைப்புக்குள் இணைப்பு வைக்காதிருக்கவும் அறிவுறுத்துகிறது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களில் ஓர் அத்தியாயத்தில் நிகழவிருப்பதையெல்லாம் எள்ளலோடு முன்னறிவித்த நீண்ட தலைப்புகளுக்கும், கதைச் சுருக்கத்தையும் காதைப் பெயர்களையும் ஒன்றாகப் பின்னிய பதிகத்துக்கும் இங்கே வழியில்லை. பெயர், புவியியல், வரலாறு, மக்கள் வகைப்பாடு என்று ஊர்க் கட்டுரைகளெல்லாம் ஒரே பட்டியலைத் தாங்கி நிற்பதற்கு எழுதுவோரின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பிளினியின் பட்டியலில் அவர் எதை மதித்தார், யாரிடம் கற்றார் என்பது தெரிகிறது. தானே எழுதிக்கொள்ளும் பட்டியலில் கட்டுரையின் எலும்புக்கூடு மட்டுமே தெரிகிறது.

பொருளடக்கத்தை ஆக்கும் அதே எண்ணிக்கைதான் பகுதிவாரித் திருத்தத்துக்கும் அடிப்படை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் காணப்படும் ‘தொகு’ என்னும் இணைப்பு, கட்டுரை முழுவதையும் திறக்காமல் அப்பகுதியை மட்டும் திருத்தத் தருகிறது. பழைய உலாவிகள் சில 32 கிலோபைட்டுக்கு மேற்பட்ட உரையைத் திருத்துப்பெட்டியில் ஏற்க இயலாமல் இருந்த காலத்தில் இது பெருந்துணையாக இருந்தது. ஆனால் அவ்விணைப்பு பகுதியைப் பெயரால் அன்றி அதன் வரிசை எண்ணால் அறிகிறது. ஒருவர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் மேலே புதிய பகுதி ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஐந்தாம் பகுதியைத் திறக்க விரும்பியவருக்கு நான்காம் பகுதியாய் இருந்தது திறந்து நிற்கும்.

பட்டியலின் இடமும் இறுதியில் பெயர்ந்தது. முன்னுரைப் பத்திக்கும் முதல் தலைப்புக்கும் இடையே இருபது ஆண்டளவு நிலைபெற்றிருந்த பெட்டி, ‘வெக்டர் 2022’ என்னும் புதிய தோற்றத்தில் இடப்புற ஓரத்துக்குச் சென்றது. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரி 18 அன்று அதனை இயல்பான தோற்றமாக ஏற்றது. ஓரத்தில் நிற்கும் பட்டியல் வாசகரோடு கூடவே வந்து, அவர் இருக்கும் பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டுகிறது. பட்டியலின் இடத்தைச் சுட்டிய மந்திரச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை. கைப்பேசித் தோற்றத்திலோ தனிப் பட்டியலே இல்லை; பகுதிகள் மூடிய நிலையில் தலைப்புகள் மட்டும் அடுக்கி நிற்கின்றன, தொட்டால் விரிகின்றன. எங்கல்பார்ட் 1968-இல் காட்டியதற்கு இது மிக நெருங்கியது.

தலைப்பின் எழுத்துகளே இடக்குறியானதன் விளைவைத் தமிழ் முதலிய மொழிகளே கூடுதலாக அனுபவித்தன. இணையப் பக்கக் குறிமொழியின் நான்காம் பதிப்பு, அடையாளப் பெயர்களில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் ஒருசில குறிகளையும் மட்டுமே ஏற்றது. ஆகவே மீடியாவிக்கி மற்ற எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு புள்ளியும் இரு பதினறும இலக்கங்களுமாக மாற்றி எழுதியது. தமிழின் ஒவ்வொரு குறியும் யுனிகோடின் பரவலான குறியாக்கத்தில் மூன்று பைட்டுகள் கொள்வதால், ‘வரலாறு’ என்னும் நான்கெழுத்துத் தலைப்பு ஆறு குறிகளாகி, பதினெட்டு பைட்டுகளாகி, முகவரியில் 54 உருக்கள் கொண்ட, கண்ணால் படிக்கவியலாத தொடராக வெளிப்பட்டது. பொருளடக்கத்தைச் சொடுக்குவோருக்கு இதனால் தடையில்லை. குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு இணைப்பை நகலெடுத்து அனுப்ப விரும்பியவருக்கே இடர்ப்பாடு. எந்த எழுத்தையும் ஏற்கும் ஐந்தாம் பதிப்பு நிலைபெற்றபின், 2017-இன் பிற்பகுதியில் விக்கிப்பீடியாத் தளங்கள் தலைப்பை அதன் சொந்த எழுத்திலேயே அடையாளப் பெயராக்கும் முறைக்கு மாறின. ஒருவர் ‘வரலாறு’ என்பதை ‘வரலாற்றுப் பின்னணி’ என்று திருத்தினால் பொருளடக்கம் நொடியில் சரியாகிவிட, வெளியிலிருந்து அப்பகுதிக்கு வந்த இணைப்புகள் மட்டும் இடமறியாமல் பக்கத்தின் தலையிலேயே நின்றுவிடும் குறை இம்மாற்றத்தாலும் தீரவில்லை. அதற்குத் திருத்துவோர் பழைய பெயரைத் தாங்கும் மறைகுறி ஒன்றை வார்ப்புரு மூலம் தாமே இட வேண்டியிருக்கிறது. 2017-க்கு முன் பரவிய நீண்ட முகவரிகளை மட்டும் நிரலே கவனித்துக்கொள்கிறது: புதிய அடையாளத்துக்கு அருகில் புள்ளிகளும் இலக்கங்களும் கொண்ட பழைய வடிவத்தையும் அது வாசகர் கண்ணுக்குப் படாமல் சேர்த்து எழுதிவைக்கிறது.